ரவுண்டு பிந்திய மாத்திரை

என் வீட்டுக்காரர் வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் தொட்டதில்லை. அப்படிப்பட்டவர் மூன்றே வாரத்தில் தோட்டம் முழுக்கக் குடிகாரர் என்று பெயர் எடுத்தார். மற்றவர்கள் அந்தப் பெயருக்கு வருடக்கணக்கில் பாடுபட வேண்டியிருக்கிறது. இவர் எதையும் வெள்ளனவே செய்து முடிப்பவர். கால் தள்ளாடியது, நாக்குக் குழறியது, ஒன்று இரண்டாகத் தெரிந்தது. எங்கள் பக்கம் இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு காரணம்தான் சொல்வார்கள். நானும் அதைத்தான் நம்பினேன். இதை வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது.

அவர் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கண்டாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். துரைக்குக் கீழே, கங்காணிக்கு மேலே நின்று மலையில் வேலையை நடத்துகிற உத்தியோகம் அது. நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிள்ளைகள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் தோட்டத்துக்குக் கீழே, ரோட்டோரமாக ஒரு சின்ன வீட்டில் இருக்கிறோம். அதிகாரம் செய்து பழகிய இரண்டு பேர் ஒரே வீட்டில் ஓய்வு பெற்றால் என்ன நடக்கும் என்று கேட்காதீர்கள்.

கண்டாக்கு வேலையில் வேதவாக்கு ஒன்றுதான். ரவுண்டு பிந்தக் கூடாது. ஒரு மலையில் கொழுந்து எடுத்தால் ஏழாம் நாள் மறுபடி அதே மலைக்கு வந்துவிட வேண்டும். அதுதான் ரவுண்டு. பிந்தினால் கொழுந்து முற்றிப்போகும், துரை கத்துவார். மழையால் ஒரு நாள் விட்டுப்போனால், அடுத்த நாள் இரட்டிப்பு ஆளைப் போட்டு ரவுண்டைப் பிடிக்க வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் இதைச் செய்தவர் வீட்டிலும் இதைத்தான் செய்தார். செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போக முடியவில்லை என்றால் புதன்கிழமை இரண்டு தடவை போவார். கோபித்துக்கொண்டு ஒரு நாள் என்னோடு பேசாமல் இருந்தால் மறுநாள் இரண்டு நாள் பேச்சையும் சேர்த்துப் பேசிவிடுவார். முதலாவதைச் சாமி பொறுத்துக்கொண்டது. இரண்டாவதைப் பொறுத்துக்கொண்டது நான்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் இவர் பொல்லாதவர். தள்ளாடிக்கொண்டு வருகிற ஆளைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். அடிப்பதில்லை, திட்டுவதில்லை. ஒரே வசனம்தான். "இன்னக்கி உனக்குப் பெரட்டு இல்ல. வீட்டுக்குப் போய்ப் படு. நாளைக்கி நேரத்தோட வா." இந்த வசனத்தை அதிகம் கேட்டவர் தொழிலாளர் குடியிருப்பின் கடைசி வரிசையான தொங்கல் லயத்தில் இருந்த ஒரு கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியை வெட்டிக் கவ்வாத்துப் பண்ணுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் சம்பளம் வாங்கிய மறுநாள் அவர் நேராக நடந்து யாரும் பார்த்ததில்லை. அந்த வசனத்தை அவரும் மனப்பாடமாகவே வைத்திருந்தார். சில நாள் இவர் வாயைத் திறக்கும் முன்பே, "சரிங்க ஐயா, போய்ப் படுக்கிறேங்க" என்று திரும்பிவிடுவாராம்.

இத்தனை கண்டிப்பான ஆளுக்கு ஒரு ரகசியம் இருந்தது. அவருக்கு வாலிப வயதிலிருந்தே வலிப்பு உண்டு. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே அதைச் சொன்னார். எல்லோரும் பலகாரத்தில் கண்ணாக இருந்தபோது என் பக்கமாகத் திரும்பி, "எனக்கு ஃபிட்ஸ் இருக்கு. மருந்து குடிக்கிறேன். வேணாம்னா இப்பவே சொல்லிருங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்றார். நான் சொல்லவில்லை. அந்த நேர்மைக்காகவே அவரைப் பிடித்துப்போனது. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டே தடவைதான் விழுந்தார், இரண்டும் வீட்டுக்குள்ளே. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தேத்தண்ணியோடு மாத்திரை. என் பிறந்த நாளை மறந்திருக்கிறார், இதை மறந்ததில்லை. தோட்டத்தில் ஒரு குஞ்சுக்கும் விஷயம் தெரியாது. மலையில் நூறு பேர் பார்க்க நுரை தள்ளி விழுகிற கண்டாக்கு சொன்னால் மறுநாள் யார் கேட்பார்கள் என்பது அவருடைய பயம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பயம் ஓய்வு பெறவில்லை.

பிறகு சீனி வியாதி வந்தது. சீனி தன் வேலையைச் சத்தமில்லாமல் செய்து இரண்டு சிறுநீரகத்தையும் முடித்தது. வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் அந்த இரண்டு நாளுக்கும் மெஷின் நாள் என்று பெயர். காலையில் முதல் பஸ், அட்டனில் இறங்கி இன்னொரு பஸ், நான்கு மணித்தியாலம் மெஷின், பிறகு அதே இரண்டு பஸ். அவர் கட்டிலில் படுத்திருக்க நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பத்திரிகை வாசித்துக் காட்டுவேன். அவருக்குப் பிடிக்காத கட்சியின் செய்தியாகப் பார்த்து வாசிப்பேன். கையில் ஊசி குத்தியிருக்கும்போது மனுஷனால் எழுந்து போக முடியாது பாருங்கள்.

நான் தேத்தண்ணி வாங்கப் போயிருந்த ஒரு மெஷின் நாளில்தான் விபரீதம் ஆரம்பித்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கும் வலிப்பு வியாதி. நர்ஸ் மிஸ்ஸி அவரிடம், மெஷின் இரத்தத்தில் இருக்கிற மருந்தையும் சேர்த்து இழுத்துவிடும், அதனால் மெஷினை விட்டு இறங்கியதும் மாத்திரையைக் குடியுங்கள் என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். இவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஒரு சொல் விடாமல் சரியாகக் கேட்டார். அந்த மனிதர் குடித்தது வேறு மாத்திரை என்பதை மட்டும் கேட்கவில்லை. தான் இத்தனை வருடம் குடித்துவந்த மாத்திரையையும் மெஷின் இழுத்துவிடுகிறது, வாரத்தில் இரண்டு ரவுண்டு பிந்துகிறது என்று முடிவு கட்டினார். பிந்திய ரவுண்டை எப்படிப் பிடிப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மெஷின் நாளில் ஒரு மாத்திரை அதிகமாகப் போட ஆரம்பித்தார். பிறகு இரண்டு. என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒரு மணித்தியாலம் பாடம் எடுப்பேன் என்று பயந்தாராம். அது வீண்பழி. அரை மணித்தியாலத்துக்கு மேல் நான் யாருக்கும் எடுத்ததில்லை.

முதல் வாரம் செருப்பைக் காலில் மாட்டச் சிரமப்பட்டார். இரண்டாம் வாரம் கோயில் படியில் சறுக்கி, பூசாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாம் வாரம் டவுனில் மளிகைக் கடைக்குப் போய், பருப்பு கேட்கப் போனவர் நாக்குக் குழறி என்னவோ கேட்டிருக்கிறார். கடைக்கார நானா நல்ல மனிதர். ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, சோடா ஒன்றை உடைத்துக் கொடுத்து, ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு எனக்குப் போன் பண்ணினார். "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. ஐயாவ கொஞ்ச நாளைக்குத் தனியா அனுப்பாதீங்க" என்றார். அவர் சொல்லாமல் விட்டது என்ன என்று எனக்கு விளங்கியது. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தில் அடுப்பிலிருந்த சோறு அடிப்பிடித்தது.

அதற்கு மறுநாள் அந்தக் கவ்வாத்துக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இப்போது அவரும் வயசாளி. தோட்ட வேலையை விட்டுவிட்டு டவுனில் மரக்கறி மூட்டை இறக்குகிறார். கையில் நான்கு எலுமிச்சம்பழமும் ஒரு கடதாசிச் சுருளில் கருவாடும் வைத்திருந்தார். குசினி வாசலில் நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டீச்சரம்மா, ஐயாவ ஏசாதீங்க. வயசான காலத்துல ஆசப்பட்டுட்டாரு. பழக்கம் இல்லாத ஒடம்பு, ஆரம்பத்துல இப்பிடித்தான் தூக்கிப் போடும். காலையில வெறும் வயித்துல எலுமிச்சங்கா தண்ணி குடுங்க. சோத்துக்குக் கருவாடு சுட்டு வையுங்க. தெளிஞ்சிரும்."

"அவரு குடிக்கிறதில்லைங்க" என்றேன்.

"என் பொஞ்சாதியும் அப்பிடித்தாங்க சொல்லிக்கிட்டிருந்தா" என்று அவர் மிகுந்த இரக்கத்தோடு தலையாட்டினார்.

எலுமிச்சம்பழத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். இத்தனை வருடம் பெரட்டில் இவர் திருப்பி அனுப்பிய ஆள், இவருக்குக் கை கொடுக்க வந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் போனதும் வீட்டைச் சோதனை போட்டேன். அரிசி வாளிக்குள் பார்த்தேன், சாமி படத்துக்குப் பின்னால் பார்த்தேன், கோழிக்கூட்டில்கூடக் கையை விட்டேன். கோழி என்னைக் கொத்தியதுதான் மிச்சம். தூங்குகிறவரின் வாயருகே குனிந்து முகர்ந்து பார்த்தேன். பற்பசை வாசம்தான் அடித்தது. கெட்டிக்காரர், பல்லை விளக்கிவிட்டுப் படுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சந்தேகம் வந்துவிட்டால் டீச்சரும் ஒன்றுதான், தொங்கல் லயத்துப் பொஞ்சாதியும் ஒன்றுதான்.

கிளினிக்கில் அவருடைய தள்ளாட்டத்தைச் சொன்னேன். மாத்திரை இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று சோதித்தார்கள். அளவு சரியாகவே இருக்கிறது, கூடவில்லை என்று சோதனைத் துண்டு வந்தது. மாத்திரையும் இல்லை என்றால் வேறு என்ன மிச்சம்? பஸ்ஸில் வரும்போது அவரிடம் நேரடியாகவே கேட்டேன். "எங்க குடிக்கிறீங்க? யாரு வாங்கித் தாறா?" அவர் என்னைப் பார்த்தார். கண் ஒரு இடத்தில் நிற்காமல் அலைந்துகொண்டிருந்தது. "நீயுமா டீச்சர்?" என்று குழறிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் கேள்வி இப்போதும் என்னைச் சுடுகிறது.

இரண்டு நாள் கழித்து, பகல் சோறு சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவரை எழுப்ப முடியவில்லை. கூப்பிட்டால் முனகினார், கண்ணைத் திறந்தால் கருவிழி இரண்டும் பக்கவாட்டில் துடித்தன. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழி நெடுக அவர் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, குடித்திருந்தாலும் பரவாயில்லை, நாளைக்கும் குடியுங்கள், எழும்பினால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

வார்டில் ஒரு டாக்டர் பிள்ளை இருந்தது. என் பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால் முன் வரிசையில் உட்காரவைத்திருப்பேன், அவ்வளவு சின்னப் பெண். தமிழ் பாதி, சிங்களம் பாதியாகப் பேசினார். விரலை அவர் கண்ணுக்கு முன்னால் ஆட்டிப் பார்த்தார். குடிப்பாரா என்று கேட்டார். "கடவுளுக்குத்தான் தெரியும்" என்றேன். டாக்டர் பிள்ளை அவர் வாயருகே குனிந்து முகர்ந்துவிட்டு, எனக்கும் தெரியும், இல்லை என்றார். கிளினிக் கொப்பியைப் புரட்டி, இரத்தச் சோதனைத் துண்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகளையெல்லாம் கொண்டுவரச் சொன்னார்.

வீட்டுக்கு ஓடினேன். அவருடைய உடுப்பை எடுக்கிற அவசரத்தில், மலைக்குப் போட்டுக்கொண்டு போன பழைய நீளக் காலுறை ஒன்று கையில் தட்டுப்பட்டது. உள்ளே சரசரத்தது. தலைகீழாகப் பிடித்து உதறினேன். வெற்று மாத்திரை அட்டைகள் மடியில் கொட்டின. கிளினிக்கில் தந்தது போக, அதே கொப்பியைக் காட்டி டவுன் பாமசியிலும் வாங்கியிருக்கிறார். சாராயப் போத்தலைத் தேடியபோது காலுறைக்குள் மட்டும் நான் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து சத்தமாகவே அழுதேன்.

டாக்டர் பிள்ளை அட்டைகளைப் பார்த்துவிட்டு எனக்கு விளக்கினார். அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். அந்த மாத்திரையின் பெரும் பகுதி, இரத்தத்தில் இருக்கிற புரதத்தில் ஒட்டிக்கொண்டு சும்மா பயணம் செய்யும், பஸ்ஸில் சீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி. இறங்கி நடமாடுகிற கொஞ்சம்தான் மூளையில் வேலை செய்யும். சிறுநீரகம் கெட்டவர்களுக்குச் சீட்டுக் குறைந்துவிடும், இருக்கிற சீட்டையும் கழிவுகள் பிடித்துக்கொள்ளும். அதனால் நடமாடுகிற மருந்து கூடும். சோதனைத் துண்டோ உட்கார்ந்தவர், நடமாடுபவர் எல்லோரையும் ஒன்றாக எண்ணிச் சரி என்று சொல்லிவிடும். இந்த நோயாளிக்கு அந்த எண்ணை அப்படியே நம்பக்கூடாது. சரி, மெஷின் அதை இழுத்துவிடாதா என்று கேட்டேன். சீட்டோடு ஒட்டிக்கொண்டிருப்பதை மெஷினால் இழுக்க முடியாது, இந்த மாத்திரையை ஈரல்தான் கரைத்து வெளியேற்ற வேண்டும் என்றார்.

மூன்றாம் நாள் அவருக்கு நாக்குச் சீரானது. டாக்டர் பிள்ளை, கொஞ்சம்தானே கூட்டினேன் என்று நினைக்காதீர்கள், ஈரலுக்கு ஓர் அளவு இருக்கிறது, அதைத் தாண்டினால் சின்னக் கூடுதலும் பெரிதாகச் சேர்ந்துவிடும் என்று தொடங்கினார். இவர் கையமர்த்தினார்.

"வெளங்குது மிஸ். ஃபெக்டரி ஒரு நாளைக்கி இவ்வளவு கொழுந்துதான் அரைக்கும். அதுக்கு மேல நான் எவ்வளவு எடுத்து அனுப்பினாலும் கொழுந்து வாட்டுற மாடியில குமிஞ்சு கெடந்து சூடேறி அழுகிப் போகும். நான் மலைய மட்டும் பாத்தேன். ஃபெக்டரிய பாக்கல."

டாக்டர் பிள்ளை அதைச் சிங்களத்தில் எழுதி வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் ஒரு டாக்டருக்கு வேலை பழக்கியதில் இவருக்கு ஏகப்பட்ட திருப்தி.

டாக்டர் பிள்ளை போனதும் நான் கேட்டேன். "ஏங்க என்கிட்ட சொல்லல?"  "மெஷின் நாள்ல பஸ்ஸுல வாறோம். அவ்வளவு பேரும் நம்ம தோட்டத்து ஆளுங்க. அவங்களுக்கு முன்னால விழுந்துறக்கூடாது டீச்சர். அது ஒண்ணுதான்" என்றார். குடிகாரன் என்ற பெயரைக்கூட அவர் தாங்கிக்கொண்டது இதற்காகத்தான். உண்மையைச் சொன்னால் வலிப்பு வெளியே வந்துவிடும்.

பழைய மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, புதியது ஒன்றைப் பழக்கினார்கள். இது ஈரலை நம்பியிருப்பதில்லை, சிறுநீரகத்தின் வழியாகப் போவது. சிறுநீரகம் இல்லாதவருக்குக் கொஞ்சம் போதும், மிஞ்சினால் உள்ளேயே தங்கிவிடும். ஆனால் இதை மெஷின் இழுத்துவிடும். ஆகவே மெஷின் நாளில் காலையில் வேண்டாம், இறங்கியதும் உடனே குடியுங்கள் என்று டாக்டர் பிள்ளை கொப்பியில் எழுதி, அடியில் கோடும் போட்டுக் கொடுத்தார். பக்கத்துக் கட்டில்காரர் குடித்துவந்ததும் இதே மாத்திரைதான். இவருக்கு ஒரே பெருமை. "பாத்தியா, மெஷின் இழுக்கும்னு நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார். "நீங்க சொன்னது வேற மாத்திரைக்கு" என்றேன்.

மாத்திரைகளின் பொறுப்பு என் கைக்கு வந்தது. அலுமாரியில் பூட்டிச் சாவியைத் தாலிக்கொடியில் முடிந்துகொண்டேன். மெஷின் நாளுக்குரியதைச் சின்னக் கடதாசிப் பையில் போட்டு என் கைப்பையில் வைப்பேன். அவர் கையை நீட்டுவார், நான் எண்ணிப் போடுவேன், விழுங்கிவிட்டு நாக்கைக் காட்டச் சொல்வேன். மூன்றாம் வகுப்பில் பூச்சி மருந்து கொடுக்கும்போது செய்தது இதுதான். அந்த அதிகாரம் எனக்கு இனித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பழைய மாத்திரை முழுதாக நின்று சில வாரம் ஆகியிருக்கும். மழைக்காலம். அன்று மெஷின் முடிந்து வெளியே வந்ததும், ஆஸ்பத்திரி வாசலிலேயே கையை நீட்டினார்.

"வெறும் வயிறு. அட்டனுக்குப் போய் ஏதாவது சாப்பிட்டுட்டுக் குடிக்கலாம்" என்றேன்.

அட்டனில் எங்கள் பஸ் புறப்பட நின்றது. சாப்பிடாமல் ஓடி ஏறினோம். சீட்டில் உட்கார்ந்ததும் மறுபடி கேட்டார். "தண்ணி போத்தல் காலி. வீடு ஒரு மணித்தியாலம்தானே" என்றேன். பாதி வழியில் பஸ் நின்றது. முன்னால் ரோட்டில் மண் சரிந்து, புல்டோசர் வந்து அள்ளும்வரை போக முடியாது என்றார்கள். எல்லோரும் இறங்கி ரோட்டோரம் நின்றோம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவர் என் பக்கத்தில் வந்து, "அதக் குடு டீச்சர். மெஷின் இழுத்திருச்சு, எனக்குத் தெரியுது" என்றார். குரலில் கெஞ்சல் இருந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரவுண்டு பிந்திருச்சாக்கும்" என்றேன். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர்களைச் சிரிக்கவைத்தது எனக்குப் பிடித்திருந்தது. மாத்திரை என் கைப்பைக்குள், என் கைக்குள்தான் இருந்தது. பழைய மாத்திரைக்கு அவர் சொன்னது பிழை. இதற்கு அவர் சொன்னதுதான் சரி, கோடு போட்டு எழுதியும் இருந்தது. ஆனால் பிழை விடுகிற பிள்ளை எப்போதும் பிழைதான் விடும் என்ற டீச்சர் புத்தி என்னை விடவில்லை.

அவர் இரண்டு அடி நடந்தார். ஒரு சத்தம் போட்டார். நான் திரும்புவதற்குள் ரோட்டில் விழுந்துவிட்டார்.

தோட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. கையும் காலும் வெட்டி இழுத்தன, வாயில் நுரை வந்தது. யாரோ சாவிக்கொத்தை எடு, இரும்பைக் கையில் குடு என்று கத்தினார்கள். முப்பது வருடம் இதற்குத் தயாராக இருந்த நான் மரம் மாதிரி நின்றேன். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தக் கவ்வாத்துக்காரர் வந்தார். அன்று அட்டனில் மரக்கறி மூட்டை இறக்கிவிட்டு அதே பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தவர். தன் தலைத் துண்டைச் சுருட்டி இவர் தலைக்குக் கீழே வைத்தார்.

"சாவியும் வேணாம், ஒண்ணும் வேணாம். தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும். டீச்சரம்மா, இழுப்பு நிக்கட்டும், அப்பறம் ஒருச்சாச்சுப் போடுவோம், எச்சி தொண்டையில எறங்காது. விழுந்து கெடக்கிறவன எப்பிடிப் போடணும்னு எனக்குத் தெரியும். என்னைய எத்தன தரம் சாக்கடக் கான்ல இருந்து எடுத்துப் போட்டிருக்காங்க."

அப்படியே செய்தார். இழுப்பு நின்றதும் ஒருச்சாய்த்து, வாயைத் துடைத்து, குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அன்னைக்கித் தள்ளாடினது தண்ணி இல்லீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "நான் கருவாடு வேற கொண்டாந்தேனே" என்று தன் தலையில் தட்டிக்கொண்டார்.

வெகுநேரத்துக்குப் பிறகு இவருக்கு நினைவு வந்தது. எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார். சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் அவரிடம் வேலை செய்த முகங்கள். "எல்லாரும் பாத்துட்டாங்களா?" என்று கேட்டார். 

கவ்வாத்துக்காரர் குடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

"பாத்தோங்க ஐயா. எல்லாரும் பாத்தோம். இன்னக்கி உங்களுக்குப் பெரட்டு இல்ல. வீட்டுக்குப் போய்ப் படுங்க. நாளைக்கி நேரத்தோட வாங்க."

 முதலில் சிரித்தது இவர்தான். உடம்பு குலுங்கச் சிரித்தார், பிறகு கூட்டமே சிரித்தது. "சரிங்க ஐயா, போய்ப் படுக்கிறேங்க" என்று கவ்வாத்துக்காரரைப் பார்த்துக் கும்பிட்டார். முப்பது வருடம் அவர் சுமந்த பயம் அந்த ரோட்டிலேயே முடிந்துபோனது.

என்னால் சிரிக்க முடியவில்லை. கைப்பையைத் திறந்து கடதாசிப் பையை எடுத்தேன். மாத்திரையை உள்ளங்கையில் கொட்டினேன். "மன்னிச்சுக்கங்க" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் சொன்ன முதல் மன்னிப்பு அது. அவர் என் கையிலிருந்து மாத்திரையை வாங்கிப் போட்டு, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, நான் கேட்காமலே நாக்கை நீட்டிக் காட்டினார்.

அந்த நாளுக்குப் பிறகு அலுமாரிக்குப் பூட்டு இல்லை. மெஷின் நாளுக்குரிய மாத்திரை அவருடைய சட்டைப் பையில் இருக்கிறது.